ஆறு கூடுகள், ஒரு பூஜ்யம்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு முறை, கடல்நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, சியாட்டிலுக்கு வடக்கே உள்ள ஒரு சிறிய கழிக்கரையில் நாங்கள் நால்வர் ஆறு நண்டுக் கூடுகளை வைத்துவிட்டு வருகிறோம். மறுநாள் போய் அவற்றை எடுத்து, உள்ளே அகப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, இனம் பார்த்து, ஆணா பெண்ணா என்று குறித்து, மீண்டும் அதே நீரில் விட்டுவிடுகிறோம். நாங்கள் தேடிப்போகும் உயிரினம் மட்டும் இந்த நான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூட எங்கள் கூட்டில் விழவில்லை. படிவத்தில் அதற்கென்று உள்ள கட்டத்தில் ஒவ்வொரு மாதமும் பூஜ்யம் எழுதுவதுதான் என் வேலை. பூஜ்யம் எழுதுவதற்காகவா விடுமுறை நாளில் முழங்கால் அளவு சேற்றில் இறங்குகிறீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு வாயால் சொன்ன பதில்கள் எதுவும் எடுபடாததால் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நாங்கள் தேடுவது ஐரோப்பியப் பச்சை நண்டு. ஐரோப்பாவின் கரைகளுக்கும் வட ஆப்பிரிக்கக் கரைக்கும் சொந்தமான இது, 1800களின் தொடக்கத்திலேயே கப்பல்களோடு அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. மேற்குக் கரையில் முதன்முதலாகத் தென்பட்டது 1989இல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில். உயிருள்ள தூண்டில் புழுக்களைக் கிழக்கிலிருந்து அனுப்பும்போது ஈரம் காயாமலிருக்கச் சுற்றிவைக்கும் கடற்பாசியில் ஒளிந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. சரக்கில்லாத கப்பல் நிலைகுலையாமலிருக்க ஒரு துறைமுகத்தில் நிரப்பி மற்றொரு துறைமுகத்தில் கொட்டும் நீரில் வந்திருக்கலாம் என்பது மற்றொன்று. எப்படி வந்திருந்தாலும், அதற்குப் பிறகு அதற்குக் கப்பல் தேவைப்படவில்லை. ஒரு பெண் நண்டு ஒரே ஈட்டில் 1,85,000 முட்டைகள் வரை சுமக்கும். பொரித்து வரும் குஞ்சுகள் ஐம்பது நாள்களுக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோ 1997-98இல் வந்தபோது வடக்கு நோக்கி வலுவாக ஓடிய நீரோட்டம் அவற்றை வாஷிங்டன் மாநிலத்தின் வில்லப்பா விரிகுடா வரைக்கும், பின்னர் கனடாவின் வான்கூவர் தீவு வரைக்கும் கொண்டுசேர்த்தது.

பச்சை நண்டு உள்ளங்கை அளவைத் தாண்டுவதில்லை. ஆனால் மட்டிகளையும் இளஞ்சிப்பிகளையும் தோண்டித் தின்பதில் அதற்கு நிகர் இல்லை. தோண்டும் வேகத்தில் கடற்புல்லை வேரோடு பெயர்த்துவிடுகிறது. கடற்புல் படுகைகளில்தான் இளம் சால்மன் மீன்களும் இந்த ஊரின் பெருமையான டஞ்சனஸ் நண்டின் குஞ்சுகளும் வளர்கின்றன. கிழக்குக் கரையில் உள்ள மெயின் மாநிலத்தின் மட்டித் தொழில் 1950களில் நொடிந்துபோனதற்கு இந்த நண்டையே காரணமாகச் சொல்கிறார்கள். அதனால், வெளிக்கடற்கரை வரை வந்துவிட்ட அது, தீவுகளும் ஓடைகளும் நிறைந்த உள்கடலான சேலிஷ் கடலுக்குள் என்றைக்கு நுழையும் என்ற அச்சம் இங்கே வெகுநாளாக இருந்தது.

நுழையும் கணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இந்த உள்கடலின் கரை ஆயிரக்கணக்கான மைல் நீளமுடையது. எத்தனை விஞ்ஞானிகளைச் சம்பளத்துக்கு வைத்தாலும் அத்தனை கழிகளுக்கும் மாதந்தோறும் போய்வர முடியாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து இயங்கும் வாஷிங்டன் சீ கிராண்ட் நிறுவனம் 2015இல் ‘கிராப் டீம்’ என்ற தன்னார்வலர் குழுவைத் தொடங்கியது இதனால்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கரையோரம் வீடு வைத்திருப்பவர்கள், மாணவர்கள், என்னைப் போல் வாரம் முழுவதும் திரையைப் பார்த்துக் கண் பூத்துப்போன கணினிக்காரர்கள் என்று பலரும் அதில் இருக்கிறார்கள். பயிற்சி ஒரு நாள். பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் இடம், மூன்று சதுரக் கூடுகள், மூன்று உருளைக் கூடுகள், இரை வைக்கக் கானாங்கெளுத்தி இனத்து மீன், படிவங்கள். கூடுகளைப் பத்து மீட்டர் இடைவெளியில் ஓரிரவு விட்டுவைக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, ஒரே எண்ணிக்கை, ஒரே இரை. இதில் யாருக்கும் சொந்த யோசனைக்கு இடமில்லை. தொடக்கத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. எங்கள் கழியில் ஒரு மடைவாய் இருக்கிறது. நண்டுகள் அங்கேதான் மொய்க்கும், கூட்டை அங்கே வைத்தால் என்ன என்று கேட்டேன். நிறையப் பிடிப்பது நம் வேலையில்லை, போன மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடக்கூடியதாக வைத்திருப்பதுதான் நம் வேலை என்று எங்கள் குழுவின் மூத்த பெண்மணி பொறுமையாகச் சொன்னார்.

கூடுகளைத் தவிர, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நண்டு ஓடுகளையும் இருபது நிமிடம் தேடிப் பொறுக்க வேண்டும். நண்டு வளர வளரப் பழைய ஓட்டை உரித்துப் போட்டுவிடும். அந்த வெற்று ஓட்டில் கண்ணின் விளிம்பு வரை எல்லா அடையாளமும் அப்படியே இருக்கும். கூட்டுக்குள் நுழைய விரும்பாத நண்டும் வளராமல் இருக்க முடியாதல்லவா? ஆகவே ஓடு சில நேரம் கூட்டைவிட நம்பகமான சாட்சி. அலாஸ்காவில் பச்சை நண்டு வந்துவிட்டது என்பதற்கான முதல் சான்றும் இப்படிக் கிடைத்ததுதான்: 2022 ஜூலையில் அனெட் தீவின் கரையில், மெட்லகட்லா பழங்குடிச் சமூகத்தினரின் கண்காணிப்பில் அகப்பட்டவை வெறும் ஓடுகளே.

இனம் பார்க்கும் வித்தையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த முழு ஏற்பாடும் அதன் மேல்தான் நிற்கிறது. பச்சை நண்டு என்ற பெயரே ஒரு பொறி. அது பச்சையாக இருக்கலாம், ஆரஞ்சாக இருக்கலாம், சிவந்தும் இருக்கலாம். உள்ளூர் நண்டுகளில் பச்சை நிறத்தவை வேறு இருக்கின்றன. நம்ப வேண்டியது கண்ணுக்கு வெளிப்புறம், ஓட்டின் விளிம்பில் உள்ள முட்களை. பச்சை நண்டுக்கு ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்புறம் ஐந்தைந்து. கரையோரக் கல்லடியில் எங்கும் காணும் உள்ளூர் மயிர் நண்டுக்கு மூன்று. டஞ்சனஸ் நண்டுக்குப் பத்து. ஆண் பெண் பார்ப்பதற்கு மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. காசிமேட்டில் நண்டு வாங்கப் போகும் எவரும் முதலில் அதைக் கவிழ்த்து வயிற்று மடலைத்தான் பார்ப்பார்கள். குறுகிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். பயிற்சியாளர் இதை வரைபடம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு என் பாட்டியின் நினைவு வந்தது. அவர் மடலைப் பார்த்தே விலை பேசுவார்.

இவ்வளவு தெரிந்த பெருமையில்தான் முதல் ஆண்டு நான் சறுக்கினேன். ஜூன் மாத வற்றத்தில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒரு நண்டு. விளிம்பில் வரிசையாகப் பெரிய முட்கள். எண்ணினேன், ஐந்து. கை நடுங்கப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அன்றைய இரவு முழுவதும் தூங்கவில்லை. காலையில் பதில் வந்தது: அது ஹெல்மெட் நண்டு, உள்ளூர் இனம், உடல் முழுவதும் முரட்டு மயிர் இருப்பதைக் கவனியுங்கள், முட்களை இன்னொரு முறை எண்ணுங்கள். படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன். ஐந்தைத் தாண்டியது. நான் பார்க்க விரும்பியதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருவதுதான், ஹெல்மெட் நண்டைப் பச்சை நண்டென்று நினைப்பதே இங்கே மிகப் பொதுவான தவறு என்று அந்தப் பதிலில் ஆறுதலும் இருந்தது.

இந்த மாநிலத்தில் பொதுமக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையின் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. பச்சை நண்டைக் கண்டால் கொல்லாதீர்கள், எடுத்துச் செல்லாதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள் என்பதே அந்த அறிவுரை. ஒழிக்க வேண்டிய உயிரியைக் கொல்லக் கூடாதென்று ஓர் அரசு சொல்வது முதலில் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் கொல்லலாம் என்று சொல்லிவிட்டால் நாட்டுப்பற்று மேலிட்டவர்கள் கரையெங்கும் ஹெல்மெட் நண்டுகளையும் மயிர் நண்டுகளையும் நசுக்கித் தள்ளிவிடுவார்கள். என்னைப் போன்றவர்களிடமிருந்து உள்ளூர் நண்டுகளைக் காப்பாற்றும் விதி அது.

அப்படியானால் பயிற்சி பெற்ற சாதாரண மக்களின் கண்ணை எவ்வளவு நம்பலாம்? இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். டெலானியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நியூ ஜெர்சி முதல் மெயின் வரையிலான 52 கரையிடங்களில் தன்னார்வலர்களைக் கொண்டு உள்ளூர் நண்டுகளையும் அயல் நண்டுகளையும் இனம் பிரித்தறியச் செய்தார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளே 80 விழுக்காட்டுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பு மாணவர்கள் 95 விழுக்காட்டுக்கு மேல். நான் சறுக்கிய கதையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து என் மகள் அடைந்த மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது. இங்கே கவனிக்க வேண்டியது, தவறும் ஒருபக்கத் தவறாக இருக்கும்படி முறையை அமைத்திருப்பதுதான். ஹெல்மெட் நண்டைப் பச்சை நண்டென்று நான் சொன்னால் ஒரு படத்தைப் பார்த்து யாரோ ஒருவர் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். பச்சை நண்டைப் பார்த்தும் நான் பேசாமல் இருந்துவிட்டால் அதைத் திருத்த ஆளே இல்லை. அதனால்தான் சந்தேகம் வந்தால் அனுப்பு, வெட்கப்படாதே என்பது குழுவின் பழக்கமாக இருக்கிறது.

2016 ஆகஸ்டில் அந்த நாள் வந்தது. சான் ஹுவான் தீவின் வெஸ்ட்காட் விரிகுடாவில், எங்களைப் போன்ற ஒரு தன்னார்வலர் குழு வழக்கமான மாதக் கூட்டைத் தூக்கியபோது உள்ளே ஒரு பச்சை நண்டு இருந்தது. வாஷிங்டனின் உள்கடலில் அதுவே முதல். குழு தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. உடனே ஆய்வாளர்களும் அரசு அலுவலர்களும் தன்னார்வலர்களும் அந்த விரிகுடாவைச் சுற்றி ஏராளமான கூடுகளை வைத்துப் பார்த்தார்கள். உயிருள்ள இன்னொரு நண்டு கிடைக்கவில்லை. சில வாரங்களில் கிழக்கே படில்லா விரிகுடாவில் வேறு சில அகப்பட்டன. அடுத்த ஆண்டு டஞ்சனஸ் மணல்திட்டில் உள்ள வனவிலங்குக் காப்பகத்தில் 90க்கும் மேற்பட்டவை. அங்கே காப்பகத்தாரும் தன்னார்வலர்களும் பருவம் முழுவதும் விடாமல் கூடு வைத்தார்கள். 2020இல் அங்கே பிடிபட்டவை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன.

பிந்திப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் இதே கடலில் எடுத்துக்காட்டு உண்டு. லம்மி பழங்குடியினர் மீன்வளர்ப்புக்காக 1970களில் அமைத்த கடற்குளம் 750 ஏக்கர் பரப்புள்ளது. ஆழமில்லாத, அலையில்லாத, வெதுவெதுப்பான அந்தக் குளம் பச்சை நண்டுக்கென்றே கட்டியது போல் அமைந்துவிட்டது. 2019இல் முதல் நண்டு தென்பட்டது. 2021 என்ற ஒரே ஆண்டில் அங்கிருந்து 70,000க்கும் மேற்பட்ட நண்டுகளை எடுத்தார்கள். லம்மி மக்கள் பேரிடர் நிலை அறிவித்தார்கள். 2022 ஜனவரியில் மாநில ஆளுநர் ஜே இன்ஸ்லீ அவசரநிலை ஆணையிட்டார். அதற்கு மேல் தன்னார்வலர் ஆறு கூடுகளைக் கொண்டு செய்யக்கூடியது எதுவுமில்லை. படகு, சம்பள ஆள், கோடிக்கணக்கில் பணம் எல்லாம் வேண்டும், ஆண்டுதோறும் வேண்டும்.

கலிபோர்னியாவில் ஸ்டின்சன் கடற்கரைக்கு அருகே உள்ள சீட்ரிஃப்ட் என்ற சிறு கழியில் நடந்தது இன்னும் கசப்பானது. 2009இல் தொடங்கி ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து ஏறத்தாழ 1,25,000 ஆக இருந்த பச்சை நண்டுகளை 2013க்குள் 10,000க்கும் கீழே கொண்டுவந்தார்கள். முழுதும் ஒழிந்தது என்று நினைக்கும் நேரத்தில், 2014இல் எண்ணிக்கை 3,00,000 ஆக எகிறியது. பெரிய நண்டுகள் தம் இனத்துக் குஞ்சுகளைத் தின்றே கூட்டத்தைக் கட்டுக்குள் வைத்திருந்தன. அந்தப் பெரியவற்றைக் கூடு வைத்து எடுத்துவிட்டதும் குஞ்சுகளுக்குத் தடையில்லாமல் போயிற்று. ஒரு தலையை வெட்டினால் பல தலை முளைக்கும் கிரேக்கக் கதைப் பாம்பின் பெயரை வைத்து இதை ஹைட்ரா விளைவு என்கிறார்கள். நமக்கு ரத்தபீஜன் கதை தெரியும், அதுவே போதும். அதன் பிறகு அங்கே முழுதாக ஒழிப்பது என்ற இலக்கைக் கைவிட்டு, எண்ணிக்கையைத் தாழ்வாக வைத்திருப்பது என்று மாற்றிக்கொண்டார்கள்.

இனி பூஜ்யத்துக்கு வருகிறேன். கூட்டில் நண்டு விழவில்லை என்பதற்கு அங்கே நண்டு இல்லை என்று பொருளாகாது. ஒரு கழியில் நான்கைந்து நண்டுகள் மட்டும் இருந்தால் ஆறு கூடுகளுக்கும் தப்பிவிடுவது அவற்றுக்கு எளிது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே முறையில், மாதந்தோறும் எழுதிய பூஜ்யங்கள் சேரச்சேர அவற்றுக்கு ஒரு கனம் வருகிறது. அந்தக் கனம் என்னவென்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் நடந்ததைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 1999 மார்ச்சில் அங்கே கல்லன் விரிகுடாப் படகுத்துறையில் கருவரிச் சிப்பி என்னும் அயல் இனம் அடர்ந்து கிடந்ததை முக்குளிப்பவர்கள் கண்டார்கள். (இதே இனம் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் 1967 முதல் குடியிருக்கிறது, நாம் அதோடு வாழப் பழகிவிட்டோம்.) ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பு அதே துறையில் நடந்த கணக்கெடுப்பில் அது இல்லை என்று பதிவாகியிருந்தது. ஆகவே வந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகவில்லை, வெகுதூரம் பரவியிருக்க முடியாது, முயன்றால் ஒழிக்கலாம் என்று துணிந்து படகுத்துறைகளை மூடி, குளோரினும் தாமிர சல்பேட்டும் கொட்டி, சில வாரங்களில் ஒழித்தும் விட்டார்கள். அந்த முறையைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு, துறைக்குள் இருந்த மற்ற உயிர்களும் அல்லவா அதில் மடிந்தன. ஆனால் அந்தத் துணிவைக் கொடுத்தது யாரோ ஒருவர் ஆறு மாதத்துக்கு முன் எழுதிவைத்த ‘இல்லை’ என்ற சொல்.

நான் வளர்ந்தது திருவொற்றியூரில். எண்ணூர் முகத்துவாரம் எங்களுக்குப் பேருந்தில் அரைமணி நேரம். அங்கே கொசஸ்தலை ஆற்றின் கழியில் சில ஆண்டுகளாக ஒரு கறுத்த ஆழி, அதாவது சிப்பி, ஆற்றடியைப் பாய் விரித்தது போல் மூடிக்கொண்டிருக்கிறது. மீனவர்கள் அதற்குக் காக்கா ஆழி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெப்பமண்டல அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இது, 2016இல் சிங்கப்பூரில் தென்பட்டு அங்கே ஜொகூர் நீரிணையின் சேற்றுத் திட்டுகளை மூடியது. இந்தியாவில் இருப்பதாக அறிவியல் இதழில் முதலில் பதிவானது 2019இல், கொச்சிக் காயலிலிருந்து. எண்ணூர்க் கழியில் இறால் சேற்றில் புதைந்து வாழ்வது. அந்தச் சேற்றின் மேல் ஆழி ஒன்றோடொன்று நார் பின்னிக் கம்பளமாகிவிட்டால் இறாலுக்கு இறங்க வழியில்லை, சேற்றுக்குள் இருக்கும் மஞ்சா மட்டிக்கு மூச்சுவிட வழியில்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குக் கால் வைக்கவும் இடமில்லை, ஓடு கிழித்துவிடுகிறது. பழவேற்காட்டுப் பக்கமும் பரவிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது கழியில் தொழில் செய்யும் பெரியவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். இங்கே நாங்கள் செய்வதைச் சொன்னேன். படிவம், கூடு, இருபது நிமிட ஓடு பொறுக்கல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மொதல்ல நாலஞ்சு தான் தம்பி வலையில வந்துச்சு, பச்ச ஆழி இல்ல, வேற மாதிரி கறுப்பா. நாங்க தூக்கிப் போட்டுட்டோம்” என்றார். எந்த ஆண்டு என்று கேட்டேன். ஒரு புயலின் பெயரைச் சொன்னார், பிறகு இல்லை, அதற்கு முந்திய மழைக்காலம் என்று திருத்தினார். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் இரண்டும் இல்லை என்றார். பாலத்தின் எந்தக் காலில் முதலில் ஒட்டியிருந்தது என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அவர்களுக்குப் பயிற்சியாளர் தேவையில்லை. அந்தக் கழியில் எது ஊர்க்காரன், எது வந்தேறி என்பது நான்கு ஆண்டுகளாக முட்களை எண்ணிக்கொண்டிருக்கும் என்னைவிட அவர்களுக்கு விரல்நுனியில் தெரிகிறது. அந்த நாலைந்து ஆழி வந்த வாரத்தில் படம் எடுத்து அனுப்ப ஓர் எண்ணும், அதைப் பார்த்து மறுநாள் பதில் சொல்ல ஓர் ஆளும் இருந்திருந்தால் போதும். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஒரே இடம், முறை தவறாத நாள், வலையில் என்ன விழுந்தது என்று அறிந்த கண். கிராப் டீம் பணம் செலவழித்து உருவாக்கிய ஏற்பாட்டின் பெரும்பகுதி அங்கே தலைமுறைகளாக நடந்துகொண்டிருக்கிறது. பாடு முறையில் வலை விடுபவர்களிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லி, எழுதுவதற்குரிய கூலியையும் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே நான் கூலியில்லாமல் செய்வது எனக்கு வாரச் சம்பளம் வேறிடத்திலிருந்து வருவதால். அவர்களிடம் அதே தியாகத்தைக் கேட்பது முறையாகாது.

இந்த மாத வற்றம் வரும் சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு. இரை மீன் குளிர்பெட்டியில் இருக்கிறது, வீட்டில் அதற்குத் தனியாக ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கிறது.